கலீசியத்தில் கணக்கு நடத்த விடுங்கள்: கலீசிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சாந்தியாகோ தே கொம்போஸ்தேலாவில் ஓர்ரியோ தெருக் கட்டடத்தில் உட்கார்ந்து சட்டம் செய்கிற உங்கள் 75 பேருக்கும், குறிப்பாக அதில் பெரும்பான்மையாக இருக்கும் மக்கள் கட்சியின் 40 பேருக்கும் இந்த மடல். எழுதுகிறவன், வேலைக்காக வீகோ நகரத்துக்கு வந்து குடும்பத்தோடு இங்கேயே தங்கிவிட்ட ஒரு தமிழன். குடியுரிமை இன்னும் வாங்கவில்லை, அதனால் உங்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் என்னிடம் இல்லை. ஆனால் என் மகள் உங்கள் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள், எந்தப் பாடத்தை எந்த மொழியில் அவள் கேட்க வேண்டும் என்பதை உங்கள் அரசின் ஆணைதான் முடிவு செய்கிறது, அந்த உரிமையில் எழுதுகிறேன். தமிழில் எழுதக் காரணம், இதை எங்கள் ஆட்களும் படிக்க வேண்டும் என்ற ஆசை. நண்பர் ஒருவர் கலீசியத்தில் பெயர்த்துத் தந்ததும் உங்கள் மேசைக்கும் வந்துவிடும்.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். 2010ஆம் ஆண்டின் 79ஆம் எண் ஆணையில், தொடக்கப் பள்ளியில் கணக்கையும், அடுத்த கட்டப் பள்ளியில் கணக்கு, தொழில்நுட்பம், இயற்பியல், வேதியியல் பாடங்களையும் ஸ்பானியத்தில்தான் நடத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பிரிவுகளை நீக்குங்கள்.

இந்த மடலைப் படிக்கும் தமிழர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கலீசியா ஸ்பெயினின் வடமேற்கு மூலை, போர்ச்சுகலுக்கு நேர் மேலே, ஏறக்குறைய 27 லட்சம் மக்கள். அவர்கள் மொழியான கலீசியம் போர்ச்சுகீசியத்தோடு கூடப் பிறந்தது. 13ஆம் நூற்றாண்டில் காஸ்டிலிய அரசன் பத்தாம் அல்போன்சோவே மாதா மேல் பாடல் கட்ட இந்த மொழியைத்தான் எடுத்துக்கொண்டான். அப்புறம் நூற்றாண்டுக் கணக்கில் ஏட்டை விட்டுப் போய், வயலிலும் படகிலும் அடுப்படியிலும் மட்டுமே உயிரோடு இருந்து, 1863ல் ரொசாலியா தே காஸ்த்ரோவின் கவிதைத் தொகுப்போடு மறுபடி தலைதூக்கியது. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் (அவரும் கலீசியாவின் ஃபெரோல் ஊர்க்காரர்தான்) பள்ளியில் இந்த மொழியைப் பேசின பிள்ளைகள் தண்டனை வாங்கினார்கள். 1981ல் வந்த தன்னாட்சிச் சட்டம் இதைக் கலீசியாவின் சொந்த மொழி என்று அறிவித்து, ஸ்பானியத்தோடு சேர்த்து ஆட்சி மொழியாகவும் ஆக்கியது.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

என் மகளுக்குச் சூழ்நிலையியல் பாடம் கலீசியத்தில். ஆறு, பாறை, காட்டுத்தீ, கடலோரம், ஊராட்சி எல்லாவற்றையும் அந்த மொழியில் படிக்கிறாள், எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறாள். சில வாரங்களுக்கு முன்னால் அந்தப் பாடத்தில் மழையளவு வரைபடம் ஒன்று வந்தது. பன்னிரண்டு மாத மழையைக் கூட்டிச் சராசரி காண வேண்டும். வரைபடத்தைக் கலீசியத்தில் விளக்கிக்கொண்டே வந்தவள், கூட்டல் போட ஆரம்பித்ததும் சட்டென்று ஸ்பானியத்துக்கு மாறினாள், விடை வந்ததும் திரும்பவும் கலீசியத்துக்கு வந்தாள். அவளுக்கு அது தெரியக்கூட இல்லை. ஏன் மாறினாய் என்று கேட்டேன். "கணக்கு அந்த மொழியில்தானே அப்பா" என்றாள், சூரியன் கிழக்கில்தானே உதிக்கும் என்கிற மாதிரி. ஒன்பது, பத்து வயதுக் குழந்தையின் மனதில் இப்படி ஒரு எல்லைக்கோட்டை அவள் ஆசிரியை போடவில்லை, அவளோடு படிக்கும் பிள்ளைகளும் போடவில்லை. அரசாணை போட்டது.

ஒரு மொழி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைப் பிள்ளைகள் நாம் சொல்லித் தெரிந்துகொள்வதில்லை. எந்தப் பாடம் எந்த மொழியில் வருகிறது என்று பார்த்துத் தாங்களே தெரிந்துகொள்கிறார்கள். வேலைக்கும் சம்பளத்துக்கும் வழி என்று எல்லா வீட்டிலும் எந்தப் பாடங்களைச் சொல்கிறார்களோ, சரியாக அந்தப் பாடங்களில் கலீசியத்துக்கு இடமில்லை. ஊர்க் கதையும் மலையும் ஆறும் உனக்கு, எண்ணும் எந்திரமும் எனக்கு என்று பாகம் பிரித்தால், எந்தப் பங்கைப் பிள்ளைகள் மதிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

நான் கணக்கைத் தமிழில் படித்தவன். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் இயற்கணிதம், முக்கோணவியல், வகைநுண்கணிதம் எல்லாமே தமிழில். பொறியியல் கல்லூரியில் ஆங்கிலத்துக்கு மாறியபோது முதல் சில மாதம் கலைச்சொற்கள் தடுக்கின, அப்புறம் பழகிவிட்டது. தமிழில் புரிந்த சமன்பாடு ஆங்கிலத்தில் புரியாமல் போகவில்லை. இன்றைக்கு ஒரு ஸ்பானிய நிறுவனத்தில், மூன்று மொழி பேசும் ஆட்களோடு, அந்தக் கணக்கை வைத்துத்தான் சம்பாதிக்கிறேன். நீங்கள் கலீசியத்தில் கணக்குக்குத் தடை போட்ட அதே 2010ல், தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. எங்கள் ஊரிலும் பெற்றோர் ஆங்கிலவழிப் பள்ளிகளை நோக்கித்தான் ஓடுகிறார்கள், பெருமை பேச நான் வரவில்லை. ஆனால் தமிழில் கணக்கு நடத்தக்கூடாது என்று எந்த அரசும் சட்டம் போட்டதில்லை. மொழி தெரிந்த ஆசிரியர் இருந்து, கேட்கப் பிள்ளைகளும் இருக்கும்போது, நடத்தாதே என்று அரசே சொல்வது எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது.

இந்த ஆணை எப்படி வந்தது என்று பழைய கதையைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க மனசு ஆறவில்லை. 2004 செப்டம்பரில், மானுவேல் ஃப்ராகா ஆட்சியில், உங்கள் அவையே ஒருமனதாக ஒரு பொது மொழித் திட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. 400க்கும் மேற்பட்ட நடவடிக்கைகள், அதில் பிள்ளைகளின் படிப்பில் பாதியாவது கலீசியத்தில் இருக்க வேண்டும் என்பதும் உண்டு. அன்றைக்கு ஆண்டது மக்கள் கட்சி. அந்த அமைச்சரவையில் அல்பெர்த்தோ நூன்யெஸ் ஃபெய்ஹோவும் இருந்தார். அதற்குப் பிறகு வந்த சோஷலிஸ்டு, தேசியவாதக் கூட்டணி அரசு 2007ல் ஓர் ஆணை போட்டு, நீங்கள் எல்லோரும் கைதூக்கி ஏற்றுக்கொண்ட அந்தப் பாதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உடனே திணிப்பு என்ற சத்தம் கிளம்பியது. 2009 பிப்ரவரியில் சாந்தியாகோவில் அந்த ஆணையை எதிர்த்த கலீசியா பிலிங்குவே அமைப்பு ஊர்வலம் போனது, மார்ச்சில் தேர்தல் வந்தது, மக்கள் கட்சியின் ஃபெய்ஹோ ஆட்சியைப் பிடித்தார், அடுத்த வருடம் மே மாதம் இந்த ஆணை வந்தது. மூன்று மொழிச் சமநிலை என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். ஆங்கிலத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வரை இடம் கொடுத்தார்கள். சொந்த மொழிக்குக் கணக்கை மறுத்தார்கள்.

ஐந்து வருடத்துக்கு முன் பாதி வேண்டும் என்று வாக்களித்த கட்சி, தேர்தல் மேடையில் அதையே திணிப்பு என்று சொன்னது ஏன்? இதற்கு நேரான பதிலை உங்கள் யாருடைய பேச்சிலும் நான் இதுவரை கேட்கவில்லை. அந்த அவையில் அன்று உட்கார்ந்திருந்தவர்கள் உங்கள் கட்சியில் இன்னும் இருப்பார்கள், அவர்களையாவது கேளுங்கள்.

பெற்றோரின் விருப்பம், சுதந்திரம் என்று சொல்வீர்கள். அந்தச் சுதந்திரத்தைத்தான் கேட்கிறேன். என் பிள்ளைக்குக் கணக்கைக் கலீசியத்தில் சொல்லிக்கொடுங்கள் என்று ஒரு தகப்பனாகக் கேட்டால், முடியாது, சட்டம் இடம் தராது என்கிறார்கள். ஸ்பானியத்தில் வேண்டும் என்பவருக்குக் கேட்கும் தேவையே இல்லை. அரசியல் சாசனப்படி ஸ்பானியம் தெரிந்திருப்பது எல்லோருக்கும் கடமை. கலீசியத்தைத் தெரிந்துகொள்வதும் கடமை என்று உங்கள் அவை 1983 மொழிச் சட்டத்தில் எழுதியது, 1986ல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தக் கடமையை அடித்துவிட்டது. ஆக ஒன்று கடமை, மற்றது உரிமை. கடமையான மொழிக்குத் தொலைக்காட்சியும் சினிமாவும் கடைத்தெருவும் நீதிமன்றமும் கைபேசியும் துணை இருக்கின்றன. உரிமையாக மட்டும் இருக்கிற மொழிக்குப் பள்ளிக்கூடம் ஒன்றுதான் துணை. அங்கேயும் மழலையர் வகுப்பில் பெரும்பான்மைப் பிள்ளைகளின் தாய்மொழியைத்தான் ஆசிரியர் பேச வேண்டும் என்று உங்கள் ஆணை சொல்கிறது. வீகோவிலும் ஆ கொருன்யாவிலும் அது ஸ்பானியம். வீட்டில் கலீசியம் மட்டும் பேசி வளர்ந்த மூன்று வயதுக் குழந்தை அந்த வகுப்புக்குள் நுழைந்தால், சில மாதத்தில் அம்மாவோடும் ஸ்பானியத்தில் பேச ஆரம்பித்துவிடுகிறது. இந்தக் கதையைச் சொல்லாத கலீசியப் பெற்றோர் என் பழக்கத்தில் குறைவு.

இதன் விளைவை உங்கள் அரசின் புள்ளியியல் நிறுவனமே அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. 2023ல் எடுத்து 2024ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, கலீசியாவில் முதல் முறையாகக் கலீசியம் அதிகம் பேசுகிறவர்களை ஸ்பானியம் அதிகம் பேசுகிறவர்கள் முந்திவிட்டார்கள். எப்போதும் கலீசியமே பேசுகிறவர்கள் 2003ல் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இருந்தார்கள், இப்போது ஏறக்குறைய கால் பங்கு. எனக்குத் தூக்கம் போன இடம் வேறு: 5 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், கலீசியம் கொஞ்சம்தான் பேச வரும் அல்லது வராது என்ற நிலையில் இருக்கிறார்கள். பெரிய பரப்பில் அந்த மொழி இன்னும் உயிரோடு இருக்கிற மண்ணில், அதை மொழிப் பாடமாக வருடக்கணக்கில் படித்த பிறகும் இந்த நிலை. ஸ்பானியம் பேச வராமல் கலீசியப் பள்ளியை முடித்த ஒரு பிள்ளையை எனக்குக் காட்டுங்கள், நான் இந்த மடலைத் திரும்பப் பெறுகிறேன்.

வீகோவில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கெடுப்பே தேவையில்லை, மொவான்யாவிலிருந்து வரும் படகில் ஏறினால் போதும். கழிமுகத்துக்கு அந்தக் கரையில் மொர்ராசோ தீபகற்பம், இந்தக் கரையில் நகரம், நடுவில் கொஞ்ச நேரப் பயணம். காலைப் படகில் வருகிற பெண்கள் தங்களுக்குள் பேசுவது முழுக்கக் கலீசியம், விலைவாசி, மருமகள், முட்டிவலி, மத்தி மீன் வரத்து எல்லாம். இறங்கி நகரக் கடைக்குள் போனதும் பாதிப் பேர் மொழியை மாற்றிக்கொள்கிறார்கள். எங்கள் தெருச் சந்தையில் கீரையும் கிழங்கும் விற்கிற ஒரு பாட்டி இருக்கிறார். பக்கத்துக் கடைக்காரியோடு கலீசியத்தில் சண்டை போடுவார், என்னோடு கலீசியத்தில் பேசுவார், நான் தப்பாகச் சொன்னால் திருத்துவார். என் மகளைப் பார்த்ததும் ஸ்பானியத்துக்கு மாறிவிடுவார். மகள் கலீசியத்திலேயே பதில் சொன்னாலும் அவருக்கு அப்படித்தான் வாய் வருகிறது. சின்னப் பிள்ளைகளிடம் அந்த மொழியில் பேசினால் அவர்கள் முன்னுக்கு வர மாட்டார்கள் என்று அவர் சின்ன வயதில் பள்ளியில் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள், அதை அவரே என்னிடம் சொன்னார். இந்த நாட்டில் வாழ்நாள் முழுக்கக் கலீசியம் தவிர வேறு பேசாதவர்களின் கல்லறைக் கல்லில்கூட ஸ்பானியத்தில்தான் எழுதியிருக்கும், கிராமத்துக் கல்லறைத் தோட்டங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வெட்கம் பிராங்கோ காலத்தில் புகட்டப்பட்டது. ஜனநாயகம் வந்து இத்தனை வருடம் கழித்து, எண்ணுக்கும் அறிவியலுக்கும் இந்த மொழி லாயக்கில்லை என்று எழுதிய ஆணை, அதே வெட்கத்தைப் புதுத் தலைமுறைக்குக் கைமாற்றுகிறது.

மொழிக்காகப் போராடுகிறவர்களைத் தேசியவாதிகள், கட்சிக்காரர்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கலீசியத் தேசியவாதக் கட்சியான பி.என்.ஜி.க்கு இதில் பெரிய பங்கு உண்டு, அதை யாரும் மறைக்கவில்லை, 2024 தேர்தலில் 25 இடம் வாங்கிய கட்சியின் கோரிக்கையை ஒதுக்குவதற்கும் உங்களுக்கு முகாந்திரம் இல்லை. ஆனால் களம் அதைவிடப் பெரியது. 1986ல் தொடங்கிய 'ஆ மேசா' மொழி அமைப்பு இருக்கிறது. பல நூறு சங்கங்கள், ஆசிரியர் அமைப்புகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்த 'கெரேமோஸ் கலேகோ' மேடை இருக்கிறது. ஒவ்வொரு மே 17ஆம் தேதியும், கலீசிய இலக்கிய நாளில், சாந்தியாகோ தெருக்களில் அவர்கள் நடக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் அங்கே ஒப்ரதோய்ரோ சதுக்கம் நிரம்பியபோது நானும் மகளும் அங்கே இருந்தோம். கைக்குழந்தையோடு வந்தவர்கள், பை வாத்தியம் வாசித்தவர்கள், ஊன்றுகோலோடு வந்த ஓய்வுபெற்ற வாத்தியார்கள், ஸ்பானியம் பேசும் வீட்டில் பிறந்து இருபது வயதுக்கு மேல் கலீசியத்துக்கு மாறிய இளைஞர்கள். அந்த இளைஞர்களோடு பேசிப் பாருங்கள். அவர்களை யாரும் திணித்து மாற்றவில்லை.

1906ல் தொடங்கிய அரச கலீசியக் கழகத்தை யாராவது தெருப்போராட்டக்காரர்கள் என்று சொல்வார்களா? மொழிக்கு இலக்கணமும் அகராதியும் வகுக்கிற, சட்டமே அங்கீகரித்த அமைப்பு. அதுவே உங்கள் ஆணையை எதிர்த்து நீதிமன்றம் போனது. (அந்தக் கழகம் பிறக்கக் காசும் ஊக்கமும் கொடுத்தவர்கள் ஹவானாவில் பிழைக்கப் போன கலீசியர்கள் என்று படித்தபோது, கடல் தாண்டிப் போன தமிழர்களை நினைத்துக்கொண்டேன், தூரத்தில் இருக்கிறவனுக்குத்தான் மொழியின் அருமை சீக்கிரம் உறைக்கிறது.) 2011லிருந்து 'செமெந்தே' என்ற பெயரில் பெற்றோர் கூட்டாகக் கைக்காசு போட்டுக் கலீசியவழி மழலைப் பள்ளிகளை நடத்துகிறார்கள், முதலில் சாந்தியாகோவில், பிறகு மற்ற நகரங்களிலும். வரியையும் கட்டிவிட்டு, ஆட்சி மொழியில் பிள்ளையைப் படிக்க வைக்கத் தனியாகக் கட்டணமும் கட்ட வேண்டிய நிலை இந்த மண்ணின் பெற்றோருக்கு ஏன் வர வேண்டும்? வசதி உள்ளவர்கள் கட்டுவார்கள். படகில் வருகிற பெண்ணின் பேரப்பிள்ளைக்கு யார் கட்டுவார்கள்?

ஐரோப்பாவுக்கும் நீங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தை ஸ்பெயின் 2001ல் உறுதி செய்தபோது, பள்ளிப் படிப்பை இந்த மொழிகளில் முழுமையாகத் தருவதாக ஒப்புக்கொண்டது. பாதி அல்ல, முழுமையாக. ஐரோப்பிய மன்றத்தின் நிபுணர் குழு உங்கள் ஆணையைத் திரும்பத் திரும்பக் குறை சொல்லி, பாடத் தடையை எடுக்கச் சொல்லிவிட்டது. மத்தியில் 2023 செப்டம்பரிலிருந்து மாட்ரிட் நாடாளுமன்றத்திலேயே கலீசியத்தில் பேசலாம், ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆட்சி மொழியாக்கவும் ஸ்பெயின் கேட்டிருக்கிறது. மாட்ரிடில் வரவு செலவுத் திட்டத்தின் எண்களைக் கலீசியத்தில் விவாதிக்கலாம், வீகோவில் ஒரு வாத்தியார் பெருக்கல் வாய்ப்பாட்டை அந்த மொழியில் நடத்தக்கூடாது. இதற்கு என்ன நியாயம் இருக்கிறது, சொல்லுங்கள்.

மொழிக்கு ஒரு பொது உடன்பாடு வேண்டும் என்று அல்போன்சோ ருவேடா தலைமையிலான கலீசிய அரசு பேசுகிறது. நல்லது, மனதார வரவேற்கிறேன். இளைஞர் உள்ளடக்கம், இணையம், விளம்பரம், விழா எல்லாம் அதில் வரட்டும். 90களில் கலீசியத் தொலைக்காட்சியின் சிறுவர் நிகழ்ச்சியான ஷபரின் கிளப்பில் 'டிராகன் பால்' கார்ட்டூனைக் கலீசியத்தில் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றைக்கும் அந்த வசனங்களை ஒப்பிக்கிறார்கள், அதெல்லாம் வேலை செய்யும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் 2010 ஆணையைத் தொடாமல் உடன்பாடு என்று எதைக் கொண்டுவந்தாலும், எதிர்க்கட்சிகளோ மொழி அமைப்புகளோ நம்பிக் கையெழுத்துப் போடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். முழு ஆணையையும் எடுத்துவிட்டு 2004 திட்டத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் என் விருப்பமும். உங்களுக்கு அது பெரிய தாண்டலாகத் தோன்றினால், முதல் படியாகப் பாடத் தடையை மட்டுமாவது எடுங்கள். அதற்குப் புதுப் பள்ளி கட்ட வேண்டாம், பெரிய நிதி ஒதுக்க வேண்டாம். கலீசியம் தெரியாமல் இங்கே அரசுப் பள்ளி ஆசிரியர் ஆக முடியாது, அதனால் நடத்த ஆள் இருக்கிறது. 2010க்கு முன்னால் கலீசியத்தில் கணக்கு நடத்திய ஆசிரியர்களும் இன்னும் பணியில் இருக்கிறார்கள். பாடநூல் பதிப்பாளர்கள் உள்ளூரிலேயே இருக்கிறார்கள்.

இது அரசின் ஆணை, புதுச் சட்டம்கூடத் தேவையில்லை, அமைச்சரவை ஒருநாள் கூடித் திருத்தலாம். அதைச் செய்யச் சொல்லி அவையில் தீர்மானம் கொண்டுவரும் வேலை உங்களுடையது. பள்ளிகள் செப்டம்பரில் திறக்கின்றன, வசந்த காலத்துக்குள் முடிவு எடுத்தால் புத்தகத்துக்கும் கால அட்டவணைக்கும் நேரம் இருக்கும். என் மகள் இன்னும் இரண்டு வருடத்தில் அடுத்த கட்டப் பள்ளிக்குப் போவாள், அங்கே இயற்பியலும் வேதியியலும் தொடங்கும். உங்களில் யார் இந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்குவீர்கள், யார் மாட்டீர்கள் என்பதைப் பெயரோடு தெரிந்துகொள்ள விரும்புகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இதை அனுப்புகிறேன், பதிலை எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வீகோவிலிருந்து ஒரு தகப்பன்